பிஎல்சி இன்புட் வரேல்லயா? கார்டைக் கழட்ட முந்தி இதெல்லாம் பாருங்க

ஃபக்டரி மெஷினை ஓட்டுற சின்னக் கம்ப்யூட்டர்தான் பிஎல்சி, சென்சர் சிக்னலை அதுக்குள்ள எடுக்கிறது இன்புட் மொடியூல், கார்ட் எண்டுறதும் அதைத்தான். லைன் நிண்டா முதல் வாற கதை "கார்ட் போயிட்டுது, மாத்துவம்" எண்டதுதான். நானும் கட்டுநாயக்க, பியகம, இரத்மலானை பக்கமெல்லாம் கன பனலுகள் திறந்து பாத்திருக்கிறன், கழட்டி மேசையில வச்சிருக்கிற இன்புட் மொடியூல்ல முக்கால்வாசி நல்ல மொடியூலுகள்தான். ஏனெண்டா அது பனலுக்குள்ள, காஞ்ச இடத்தில, அசையிற பாகம் ஒண்டுமில்லாம இருக்கிற சாமான், உள்ள ஒரு ரெசிஸ்டர், சிக்னலை வெளிச்சத்தால கடத்துற ஒரு ஒப்டோகப்ளர், கொஞ்ச எலெக்ட்ரோனிக்ஸ். சென்சர் எண்டா வெளியில தண்ணி, எண்ணெய், அடி, ஃபோர்க்லிஃப்ட் எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு நிக்குது. ரெண்டுக்கும் நடுவில கேபிள், ஜங்ஷன் பொக்ஸ், டேர்மினல், ப்யூஸ். சந்தேகப்படுறதெண்டா அந்த ஒழுங்கில சந்தேகப்படுங்க. மொடியூலும் மலிவில்ல, கொழும்பில ஏஜென்ட்டிட்ட ஸ்டொக் இல்லாட்டி வெளிநாட்டில இருந்து வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வேணும்.

இஞ்ச பெரும்பாலும் 24 வோல்ட் டிசி டிஜிட்டல் (ஒன், ஓஃப் மட்டும்) இன்புட் பற்றித்தான் சொல்லுறன், பிறகு 230 வோல்ட் ஏசி இன்புட், கடைசியில அளவு கூடிக்குறையிற அனலொக். எந்த பிராண்ட் எண்டாலும் யோசிக்கிற விதம் ஒண்டுதான்.

தொட முந்தி

இன்புட் தானே, சின்ன வோல்டேஜ் தானே எண்டு நினைக்க வேண்டாம். ஒரு இன்புட்டுக்கு நீங்க 24 வோல்ட் குடுத்தீங்க எண்டா ப்ரோக்ராமுக்கு அது உண்மையான சென்சர்தான், கன்வேயர் ஓடும், சிலிண்டர் அடிக்கும், அந்தப் பக்கம் ஆரும் கை வச்சுக்கொண்டு நிண்டா என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல. அதால மெஷின்ர மோட்டர் பவரை ஐசொலேட் பண்ணி லொக் போடுங்க, எயர் லைனையும் மூடி உள்ள இருக்கிற காத்தை வெளியேத்துங்க, ஒப்பரேட்டருக்கும் அவருக்கு விளங்கிற மொழியில சொல்லிட்டுத் தொடங்குங்க. கொன்ட்ரோல் பவர் மட்டும் இருந்தா காணும். மஞ்சள் நிற சேஃப்டி மொடியூல், எமர்ஜென்சி ஸ்டொப், லைட் கேட்டன் (ஆள் குறுக்க வந்தா நிப்பாட்டுற ஒளித்திரை) வயருகளுக்கு ஜம்பர் போடுறதை விட்டுடுங்க, அது வேற நடைமுறை.

கையில இருக்க வேண்டியது: நல்ல மல்டிமீட்டர், சின்ன ஃப்ளாட் ஸ்க்ரூட்ரைவர், நடுவில ப்யூஸ் போட்ட ஒரு ஜம்பர் வயர், வயரிங் ட்ரோயிங், ப்ரோக்ராம் உள்ள லப்டொப். அனலொக் இருந்தா, தெரிஞ்ச மில்லி அம்ப் குடுக்கிற லூப் கலிபிரேட்டர். ரெசிஸ்டர் கொஞ்சமும் பையில வச்சிருங்க, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில சில்லறை விலைக்கு வாங்கலாம், 2.2 கிலோ ஓம் 1 வொட், 250 ஓம், 100 ஓம், 110 ஓம். ஏன் இந்த அளவுகள் எண்டு கீழ வரும்.

முதல் கேள்வி: ஒண்டா, எட்டா, பதினாறா?

ஒரு சனல் (ஒரு சென்சருக்கான இன்புட்) மட்டும் வரேல்லயா, பக்கத்தில இருக்கிற எட்டும் சேந்து போயிட்டுதா, முழு மொடியூலுமா? இதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

முழு மொடியூலும் இருட்டெண்டா சென்சர் பக்கம் போகாதீங்க. பதினாறு சென்சரும் ஒரே நேரத்தில பழுதாகாது. 24 வோல்ட் பவர் சப்ளை, ஃபீல்டுக்கு, அதாவது சென்சர் பக்கம், போற ப்யூஸ் இல்லாட்டி எம்சிபி (ட்ரிப் சுவிட்ச்), மொடியூல்ர கொமன் வயர் (சனல்களுக்குப் பொதுவான வயர்), முன் கொனெக்டர் வடிவா இறுகியிருக்கா எண்டதுகளைப் பாருங்க. பவர் சப்ளையில பச்சை லைட் எரியுது எண்டு விட்டுட வேண்டாம், மீட்டர் வச்சுப் பாருங்க, லோட் கூடி 18, 19 வோல்டுக்கு இறங்கியிருந்தாலும் லைட் எரியிற சப்ளை இருக்கு. எட்டு எட்டா போகுதெண்டா கொமன் தான், கன மொடியூல்ல எட்டு சனலுக்கு ஒரு கொமன். ஒண்டு மட்டும் எண்டா கீழ போவம்.

மீட்டர், லைட், பிட்

எனக்கு இதுதான் முழு விசயமும். ஒரு சனலை எடுத்து, சென்சரை ஒரு ஆளை வச்சு ஒன், ஓஃப் பண்ணச் சொல்லிட்டு, ஒரே நேரத்தில மூண்டு இடத்தைப் பாருங்க: டேர்மினல்ல மீட்டர் என்ன காட்டுது, மொடியூல்ல அந்த சனல்ர லைட் என்ன செய்யுது, லப்டொப்ல அந்த அட்ரஸ்ர பிட் (ப்ரோக்ராம் பாக்கிற 0 இல்லாட்டி 1) என்ன செய்யுது. பிழை மொடியூலுக்கு வெளியிலயா, உள்ளயா, ப்ரோக்ராம்லயா எண்டதை இந்த மூண்டும் சேந்து சொல்லிடும்.

மீட்டர் வைக்கிறதில ஒரு விசயம். கறுப்பு ப்ரோபை ரெயிலிலயோ பனல் கதவிலயோ எர்த்திலயோ வைக்க வேண்டாம், அந்த மொடியூல்ர சொந்தக் கொமன்லயே வையுங்க. எர்த்துக்கு எதிரா 24 வோல்ட் வடிவா வரும், ஆனா மொடியூல்ர கொமன் வயர் கழண்டு தொங்கிக்கொண்டிருக்கும், மீட்டர் சரி எண்டும் மொடியூல் இல்லை எண்டும் சொல்லும், நீங்க நல்ல கார்டை மாத்துவீங்க. சிவப்பு ப்ரோபை டேர்மினல் ஸ்க்ரூவில வையுங்க, பிறகு வயர் நுனியில இறுக்கின ஃபெரூல்லயும் ஒருக்கா வையுங்க. ரெண்டும் வேற வேற வோல்டேஜ் காட்டினா ஸ்க்ரூ வயர்ர தோலைக் கடிச்சுக்கொண்டிருக்கு, செம்பைப் பிடிக்கேல்ல. புதுப் பனல்லயும் இது இருக்கும்.

மீட்டர்ல 0, லைட்டும் இல்ல எண்டா பிழை வெளியில, மொடியூலை மறந்திடுங்க. மீட்டர்ல 24 இருக்கு, லைட் இல்ல எண்டா முதல்ல கொமனைப் பாருங்க, அது சரியெண்டா பின் வளைஞ்ச முன் கொனெக்டர், அதுவும் சரியெண்டா அந்த சனல் செத்திருக்கலாம். லைட் எரியுது ஆனா பிட் 0 எண்டா அட்ரஸ் பிழை, இல்லாட்டி ஆரோ ஃபோர்ஸ் பண்ணிட்டு (லப்டொப்பால பிட்டைப் பிடிச்சு வச்சிட்டு) எடுக்க மறந்திருக்கினம், இல்லாட்டி மொடியூலுக்கும் ப்ரோக்ராம் ஓடுற சிபியூவுக்கும் இடையில தொடர்பில்ல. ஆனா சில மொடியூல்ல லைட் ஃபீல்ட் வோல்டேஜிலயே எரியும், ஒப்டோகப்ளர் செத்தாலும் எரிஞ்சுகொண்டே இருக்கும், அப்ப பிழை உள்ளதான். பிட்டும் மாறுது ஆனா மெஷின் அசையேல்ல எண்டா இன்புட்டில ஒரு குறையும் இல்ல, ப்ரோக்ராம்ல மெஷினை மறிச்சு வச்சிருக்கிற அடுத்த இன்டர்லொக்கைத் தேடுங்க. ஃபோர்ஸ் விசயத்தில சிபியூவில ஃபோர்ஸ் லைட் எரியுதா எண்டு பாத்தா ஒரு செக்கன்ல தெரியும், அதைப் பாக்காம மணித்தியாலக் கணக்கில வயர் தேடுற ஆக்கள் இருக்கினம்.

0-க்கும் 24-க்கும் நடுவில நிண்டா

பிஎல்சிக்கான சர்வதேசத் தரம் ஐஈசி 61131-2 படி டைப் 1 இன்புட்டுக்கு 15 வோல்ட்டும் அதுக்கு மேலயும் எண்டா ஒன், 5 வோல்ட்டும் அதுக்குக் கீழயும் எண்டா ஓஃப். டைப் 3-க்கு ஒன் 11 வோல்ட்ல தொடங்கும். நடுவில என்ன செய்யும் எண்டு ஆராலயும் சொல்லேலாது, ஒருநாள் ஒன், ஒருநாள் ஓஃப், சூடு கூடினா வேற மாதிரி. "சிலநேரம் வருது, சிலநேரம் வரேல்ல" எண்ட கம்ப்ளெயின்ட்டை எடுத்துப் பாத்தா கனக்க இந்த நடு வோல்டேஜ்தான்.

அதுக்கு ஒரு காரணம் ரெண்டு வயர் ப்ரொக்ஸிமிட்டி, தொடாம சாமானைக் கண்டுபிடிக்கிற சென்சர். அது ஓஃப்ல இருந்தாலும் தான் உயிரோட இருக்க கொஞ்சம் கரண்ட் எடுக்கும், அந்தக் கரண்ட் இன்புட்டுக்குள்ளால தான் போகும். 1.7 மில்லி அம்ப் லீக் ஆகுது, இன்புட் ரெசிஸ்டன்ஸ் 4.7 கிலோ ஓம் எண்டு வையுங்க, பெருக்கினா 8 வோல்ட். ஓஃப் ஆகாம தொங்குறது அதாலதான். இன்புட்டுக்கும் கொமனுக்கும் குறுக்க 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டா சேந்த ரெசிஸ்டன்ஸ் 1.5 கிலோ ஓம் கிட்ட வரும், வோல்டேஜ் 2.5-க்கு இறங்கிடும், வேலை முடிஞ்சுது. ஒன் ஆகும்போது அந்த ரெசிஸ்டர் கால் வொட்டுக்கு மேல எரிக்கும், அதான் 1 வொட் வாங்கச் சொன்னன். காசிருந்தா மூண்டு வயர் சென்சர் போடுறதுதான் இன்னும் நல்லது.

மற்றக் காரணம் தண்ணி. கடற்கரைப் பக்கம் உள்ள ஃபக்டரிகள்ல ஜங்ஷன் பொக்ஸைத் திறந்தா டேர்மினல் முழுக்க பச்சை பூத்திருக்கும், வயரை இழுத்தா ஃபெரூல் கையோட வரும், உள்ள இருக்கிற செம்பு கறுத்து, தொட்டா மாவு மாதிரி உதிரும். கேபிள் நுழையிற கிளாண்டுக்கால கழுவுற தண்ணி இறங்கி அடியில தேங்கி நிக்கும், அதுக்குள்ள உப்புக் காத்து. 24 வோல்ட் டேர்மினலுக்கும் பக்கத்து இன்புட்டுக்கும் இடையில அந்த ஈரத்தில சில மில்லி அம்ப் ஓடினா காணும், சென்சரே இல்லாம இன்புட் ஒன் ஆகும். காலமை கழுவின பிறகு ஒரு மணித்தியாலம் பிழையா இருந்து, காய்ஞ்சா சரியாயிடுது எண்டா கார்டைக் கழட்டாதீங்க, ஜங்ஷன் பொக்ஸைத் திறங்க. கிளாண்டுகள் கீழ பாத்திருக்கிற மாதிரி பொக்ஸைத் திருப்பிப் பூட்டுங்க, கேபிள் கீழால வளைஞ்சு மேல ஏறட்டும், தண்ணி அந்த வளைவில சொட்டிடும்.

பனலுக்குள்ளயும் ஈரம் வரும். ஏசி போட்ட பனல்ல ஆரோ 18 டிகிரிக்குத் திருப்பி வச்சிருப்பினம், கொழும்புக் காத்து 24 டிகிரி பக்கத்திலயே பனியா படியிற அளவு ஈரம், கதவைத் திறந்த உடன கார்டெல்லாம் வியர்க்கும். ஏசியை 30, 32-ல வச்சாலும் மொடியூலுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. எறும்பு, பல்லி, எலி கடிச்ச கேபிள் எல்லாம் சொல்லவே தேவையில்ல, கேபிள் நுழையிற ஓட்டையளை அடையுங்க.

பிஎன்பி, என்பிஎன்

மாத்தின புது சென்சர் வேலை செய்யேல்ல எண்டா முதல் சந்தேகம் இதுதான், சென்சர்ர அவுட்புட் இந்த ரெண்டு வகையில எது எண்டது. மூண்டு வயர் சென்சர்ல பிரவுன் 24, நீலம் 0, கறுப்பு சிக்னல், இது பிஎன்பிக்கும் என்பிஎன்னுக்கும் ஒரே மாதிரி, அதால வெளியில பாத்து வித்தியாசம் தெரியாது, லேபிளை வாசிக்க வேணும். பிஎன்பி ஒன் ஆகும்போது கறுப்பில 24 வரும், என்பிஎன் எண்டா கறுப்பு 0-க்கு இழுபடும். ஐரோப்பா மெஷின்ல அனேகமா பிஎன்பி, ஜப்பான் மெஷின்ல என்பிஎன் கூட. மிட்சுபிஷி எஃப்எக்ஸ் 3யூ மாதிரி பிஎல்சியில எஸ்/எஸ் எண்டு ஒரு டேர்மினல் இருக்கும், அதை 24-க்குக் குடுத்தா என்பிஎன், 0-க்குக் குடுத்தா பிஎன்பி, ஒரே க்ரூப்ல ரெண்டையும் கலக்கேலாது. செகண்ட் ஹாண்ட் மெஷின் இறக்கி வயரிங் பாஸ் ஒராள் வந்து கொழுவிட்டுப் போனார் எண்டா இதை வடிவா பாருங்க.

230 வோல்ட் ஏசி இன்புட்

நீட்டுக் கேபிள்ல பக்கத்து உயிர் வயர்ல இருந்து கெப்பசிட்டன்ஸால வோல்டேஜ் ஏறும், சுவிட்ச் ஓஃப், ஆனா மீட்டர்ல 70, 90 வோல்ட். சாதாரண மீட்டருக்கு உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம், அதால பேய் வோல்டேஜையும் உண்மை எண்டு காட்டும். மீட்டர்ல லோ இம்பீடன்ஸ் மோட் இருந்தா அதில பாருங்க, விழுந்திட்டா பேய். ஆனா இன்புட்டும் மெல்லிசான சாமான், கேபிள் கனக்க நீளமெண்டா அந்தப் பேயே அதை ஒன்ல வச்சிருக்கும். பனலுக்குள்ள ஒரு இன்டர்போசிங் றிலே போட்டு, றிலே கொன்டக்டால 24 வோல்ட் இன்புட்டுக்குக் குடுங்க, தீர்ந்திடும்.

வேகமான சிக்னல் தவறினா

பவர், வயர் எல்லாம் சரி, மெதுவா கையால சென்சரை மறைச்சா வருது, லைன் ஓடேக்க போத்தல் எண்ணுறது குறையுது எண்டா, ஃபில்டரைப் பாருங்க, சின்னத் துள்ளல்களை வடிகட்டுற செட்டிங் அது. சீமென்ஸ் எஸ்7-1200-ல இன்புட் ஃபில்டர் வரும்போதே 6.4 மில்லி செக்கன்ல இருக்கும், அதை விடச் சின்ன பல்ஸ் உள்ள வராது. ஃபில்டரைக் குறைச்சாலும் ஸ்கான் டைம் (ப்ரோக்ராம் ஒருக்கா முழுசா ஓடுற நேரம்) 20 மில்லி செக்கன் எண்டா 10 மில்லி செக்கன் பல்ஸை ப்ரோக்ராம் காணாது, ஹை ஸ்பீட் கவுண்டர் தான் போட வேணும். மற்றப் பக்கம், ஃபில்டரைக் கனக்கக் குறைச்சா லிமிட் சுவிட்ச் கொன்டக்ட் துள்ளுறதையும் எண்ணும்.

அனலொக்: இஞ்சதான் நேரம் போகும்

4-20 மில்லி அம்ப் எண்டா 4-க்குக் கனக்கக் கீழ போனா ஏதோ பிழை. நமூர் என்ஈ 43 எண்ட தரம் சொல்றது, 3.8-ல இருந்து 20.5 வரை அளவு, 3.6-க்குக் கீழ இல்லாட்டி 21-க்கு மேல எண்டா ட்ரான்ஸ்மிட்டர் (அளந்து கரண்டா அனுப்புற கருவி) தன்ர பிழையைச் சொல்லுது. அதால 0 வந்தா வயர் அறுந்தது இல்லாட்டி பவர் இல்ல, 3.5 இல்லாட்டி 22 வந்தா வயர் நல்லம், ட்ரான்ஸ்மிட்டர்ட்ட கேளுங்க.

கரண்ட் பாக்கிறதெண்டா லூப்பைப் பிரிச்சு மீட்டரைத் தொடரா போட வேணும். மில்லி அம்ப் ரேஞ்சில வச்சுக்கொண்டு 24 வோல்டுக்குக் குறுக்க ப்ரோபை வச்சா மீட்டர்ர உள் ப்யூஸ் போகும், அதைக் கவனிக்காம அடுத்த ஆள் அந்த மீட்டரை எடுத்து "கரண்ட் 0" எண்டு முடிவெடுப்பார். லூப்பைப் பிரிக்கேலாட்டி, தொடர்ல 250 ஓம் ஏற்கனவே இருந்தா அதுக்குக் குறுக்க 1-ல இருந்து 5 வோல்ட் வரை வரும், 12 மில்லி அம்ப்புக்கு 3 வோல்ட்.

பிறகு கலிபிரேட்டரால நேர மொடியூலுக்கு 4, 12, 20 குடுங்க. சீமென்ஸ்ல 0, 13824, 27648 எண்டு வர வேணும். அது சரியா வந்து ஸ்கிரீன்ல பிழையா இருந்தா ஸ்கேலிங் பிழை. மூண்டிலயும் மொடியூல் தப்பா வந்தா செட்டிங்கைப் பாருங்க. செட்டிங்கும் சரியெண்டா மட்டும்தான் மொடியூல்.

ரெண்டு வயர் ட்ரான்ஸ்மிட்டருக்கு மொடியூல் பவர் குடுக்கும், நாலு வயர் எண்டா ட்ரான்ஸ்மிட்டருக்கு தன்ர பவர் இருக்கு. மாறிப் போச்சா எண்டு தெரிய வயரைக் கழட்டிட்டு சனல்ர பிளஸ், மைனஸுக்கு மீட்டர் வையுங்க, 20 வோல்டுக்கு மேல வந்தா மொடியூல் பவர் குடுக்குது, 0 எண்டா குடுக்கேல்ல. பழைய எஸ்7-300 எஸ்எம்331 கார்டுகள்ல இதை மாத்திறது பக்கத்தில செருகியிருக்கிற ஒரு சின்னக் கட்டை, ஏ, பி, சி, டி எண்டு எழுதியிருக்கும், டி ரெண்டு வயர், சி நாலு வயர், பி வோல்டேஜ். புதுக் கார்ட் வரும்போது பி-ல இருக்கும். பழைய கார்ட்ல கட்டை எதில இருந்தது எண்டு பாக்காம புதுசை அப்பிடியே பூட்டினா சரியா வராது, "புதுக் கார்டும் பழுது" எண்டு சொல்லி ஏஜென்ட்டோட சண்டை பிடிப்பினம். கார்டை வெளியில எடுத்து, கட்டையை ஸ்க்ரூட்ரைவரால நெம்பி, அம்புக்குறி ஒத்து நிக்கிற மாதிரி திருப்பிச் செருகுங்க, சொஃப்ட்வெயார்லயும் அதே டைப் இருக்க வேணும்.

டெம்பரேச்சர் சனலுக்கு சுகமான டெஸ்ட் இருக்கு. தெர்மோகப்பிள் (ரெண்டு உலோக வயரால சூடு அளக்கிற சென்சர்) எண்டா வயரைக் கழட்டி, சனல்ர ரெண்டு டேர்மினலையும் செப்பு வயரால ஷோர்ட் பண்ணுங்க, பனலுக்குள்ள உள்ள சூடு கிட்டத்தட்ட காட்ட வேணும். காட்டினா மொடியூல் நல்லம். சூடாக்கச் சூடாக்க அளவு இறங்கினா வயர் மாறிக் கொழுவியிருக்கு. நடுவில ஆரோ சாதாரண செப்புக் கேபிள் போட்டு நீட்டியிருந்தா நேரத்துக்கு நேரம் டிகிரிக் கணக்கில விலகும். பிடி 100 (சூட்டோட ரெசிஸ்டன்ஸ் கூடுற சென்சர்) எண்டா 100 ஓம் ரெசிஸ்டர் போட்டா 0 டிகிரி, 110 ஓம் போட்டா 25.7 டிகிரி பக்கம். ஒரு ஓம் கேபிள் ரெசிஸ்டன்ஸ் கூடினா ரெண்டரை டிகிரி கூடக் காட்டும், மூண்டு வயர் போடுறது அதுக்குத்தான், மூண்டாவது வயரை வெட்டி விட்டிட்டு பனல்ல ஜம்பர் போட்டிருந்தா அந்தப் பிழை அப்பிடியே வரும்.

அளவு நடுங்கிக்கொண்டே இருந்தா பக்கத்தில விஎஃப்டி (மோட்டர் வேகத்தை மாத்துற ட்ரைவ்) ஓடுதா எண்டு பாருங்க, அதை நிப்பாட்டினா நடுக்கம் நிண்டா ஷீல்டும் கேபிள் பாதையும்தான் பிழை. ஷீல்டை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணினதால க்ரவுண்ட் லூப் வாறதும் உண்டு, அனலொக் கேபிளுக்கு பனல் பக்கம் மட்டும் எர்த் பண்ணிப் பாருங்க. மொடியூல் செட்டிங்ல 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் எண்டு ஒரு ஃபில்டர் இருக்கும், எங்கட கரண்ட் 50, அமெரிக்காவுக்குச் செய்த மெஷின் எண்டா 60-ல இருக்கக்கூடும். ஒரு சனலைக் கழட்டினா மற்ற சனல்ர அளவு மாறுதெண்டா சனல்கள் ஒண்டுக்கொண்டு ஐசொலேட் இல்ல, ஒரு சிக்னல் ஐசொலேட்டர் போட வேணும்.

உண்மையிலயே மொடியூல்தானா?

டிஜிட்டல் எண்டா ஃபீல்ட் வயரைக் கழட்டி, ப்யூஸ் ஜம்பரால 24-ஐ (என்பிஎன் வயரிங் எண்டா 0-ஐ) நேர அந்த டேர்மினலுக்குக் குடுங்க. லைட்டும் பிட்டும் வந்தா மொடியூல் நல்லம். வராட்டி அதே வயரை ஸ்பெயார் சனலுக்கு மாத்திப் பாருங்க, அங்க வந்து இஞ்ச வராட்டி சனல் செத்திட்டுது. ஒரு சனல்தான் போயிருக்கு, ஸ்பெயார் இருக்கு எண்டா ராத்திரி ஷிஃப்டில கார்ட் மாத்தத் தேவையில்ல, வயரை ஸ்பெயாருக்கு மாத்தி, ப்ரோக்ராம்ல அட்ரஸை மாத்தி, ட்ரோயிங்லயும் எழுதிட்டு லைனை ஓட விடுங்க. ட்ரோயிங்ல எழுதாட்டி அடுத்த ஆளிட்ட நீங்க வாங்கிக் கட்டுவீங்க.

மாத்தத்தான் வேணும் எண்டா

பழைய கார்ட்ர முழு நம்பரும், கடைசி எழுத்து வரைக்கும் ஃபோட்டோ எடுங்க. ஓட ஓடக் கழட்டலாமா எண்டு மனுவலைப் பாருங்க. அலன் பிராட்லி கொன்ட்ரோல்லொஜிக்ஸ் பவர்ல இருக்கக் கழட்டலாம், எஸ்7-1200 கழட்டக்கூடாது, தெரியாட்டி ரக் பவரை ஓஃப் பண்ணுங்க. எரியிற வாயு, ஆவி உள்ள இடமெண்டா எந்தக் கார்டெண்டாலும் ஓஃப் பண்ணாம தொட வேண்டாம். முன் கொனெக்டரை வயரோட முழுசா கழட்டிப் புதுசில போடுங்க, ஒவ்வொரு வயரா கழட்டினா ஒண்டு கட்டாயம் மாறும். பழைய கொனெக்டர்ல கருகல் இருந்தா அதையும் மாத்துங்க.

கார்ட் உண்மையிலயே செத்திருந்தா என்ன கொண்டுது எண்டு தேடாம பவர் போடாதீங்க. 24 வோல்ட் வயருக்குள்ள எங்கயோ 230 ஏறியிருக்கலாம், ஒரே ட்ரன்கிங்ல ரெண்டையும் போட்டு, ஒரு பக்கம் தோல் போயிருக்கும். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிமுழக்கத்தில வெளி டேங்குக்குப் போற லெவல் சென்சர் வயரால அடி வாங்கும், அப்பிடிப்பட்ட வயருக்கு சேர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்க. 2022-ல மணிக்கணக்கா கரண்ட் வெட்டின நாள்கள்ல, 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருட்டான மாதிரி நாள்ல, கரண்ட் திரும்பி வாற நேரமும் ஜெனரேட்டர் மாறுற நேரமும் பவர் சப்ளைக்குத்தான் முதல் அடி. அதால புதுக் கார்ட் பூட்ட முந்தி 24 வோல்ட் சப்ளையை லோடோட ஒருக்கா அளந்து பாருங்க, மீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாத்தி அதே டேர்மினல்ல வச்சு ரிப்பிளும் பாருங்க, ஒரு வோல்டுக்கு மேல ஏசி தெரிஞ்சா உள்ள கெப்பசிட்டர் காய்ஞ்சிட்டுது, சப்ளையை மாத்துங்க.

பூட்டின பிறகு அந்த ஒரு சனலை மட்டும் பாத்திட்டு வர வேண்டாம், பதினாறையும் ஒவ்வொண்டா ஒன் பண்ணி பிட் வாறதைப் பாருங்க. கழட்டின கார்ட்ல எந்த சனல், என்ன திகதி எண்டு மார்க்கரால எழுதுங்க. எழுதாம ஸ்டோர்ல வச்சா ஆறு மாசத்தில ஆரோ அதை ஸ்பெயார் எண்டு எடுத்துப் பூட்டுவார்.